நண்பர் எல்லை மீறுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்

கேள்வி: எங்கள் குழுவில் ஏழு ஆண்கள், இரண்டு பெண்கள். என்னோடு ஆறு வருடமாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார். திரையைப் பார்ப்பதுபோல் தோளுக்கு மேல் குனிவார். உடையைப் பற்றி ஏதாவது சொல்வார். ஆண்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் டிபியைப் போட்டு கமென்ட் அடிப்பார். அந்தப் பெண் இதுவரை எதுவும் சொன்னதில்லை. நான் இதிலெல்லாம் கலந்துகொள்வதில்லை, ஆனாலும் உறுத்துகிறது. இதில் நான் தலையிடலாமா? புகார் என்று போனால் நண்பருக்குத் துரோகம் செய்வதாகாதா?

பதில்: ‘கலந்துகொள்வதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம். குழுவில் அந்தப் படம் வந்தபோது என்ன செய்தீர்கள்? அநேகமாகப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். எல்லோரும் பார்த்த பிறகு போட்டவருக்கு இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். ஏழு பேரில் ஒருவர்கூட ‘வேண்டாம்’ என்று எழுதவில்லை. அவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். அடுத்த முறை உங்கள் நண்பர் அப்படி ஏதாவது சொல்லும்போது கவனியுங்கள். சொல்லி முடித்ததும் அவர் கண் அந்தப் பெண்ணைத் தாண்டி உங்கள் பக்கம்தான் வரும். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க. நீங்கள் கேட்டதற்கு என் பதில் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்: அவருக்குக் கிடைக்கும் அந்தச் சிரிப்பை முதலில் நிறுத்துங்கள்.

அலுவலகங்களில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் குழுக்களில், வெளியிலிருந்து வரும் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். சாட்சி சொல்ல வரும் ஆண்களில் பலர் நல்லவர்கள், உங்களைப் போலவே உறுத்தலோடு வருகிறவர்கள். ஒருவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மூன்று கேள்விக்கும் ஒரே பதில்: “நான் கவனிக்கலை மேடம்.” அவருடைய மேசை அந்தப் பெண்ணின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. விசாரணை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார், “அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?” அந்த அக்கறையை அரை மணி நேரம் முன்னால் காட்டியிருக்கலாம்.

அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் இருக்கும்போது மனித மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. 1968இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும்போது, இன்னொருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற குரல் கேட்கும். அதைக் கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். வேறு நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில், வலிப்பு முடிவதற்குள் எழுந்தவர்கள் 31 சதவீதம்தான். ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைப்பதால் யாருமே பார்த்துக்கொள்வதில்லை. உங்கள் குழுவில் நடப்பதும் இதுதான்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? வீர வசனம் வேண்டாம். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கும்போது, “இங்க கொஞ்சம் வாங்க, இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கணும்” என்று கூப்பிட்டால் போதும், அவர் நகர்ந்தாக வேண்டும். உடையைப் பற்றிப் பேசினால் சிரிக்காமல், “இதுல என்ன ஜோக்?” என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். விளக்கிச் சொல்லும்போது அந்த ஜோக் செத்துவிடும். வாட்ஸ்அப்பில், “இது வேண்டாம், எடுத்துடு” என்று ஒரு வரி. சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறுவது உங்கள் மனசாட்சிக்கு உதவும், அந்தப் பெண்ணுக்கு உதவாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படம் இன்னொரு கைக்குப் போவதற்கு நீங்கள் வழியாக இருக்கக் கூடாது.

“உன் தங்கச்சியா இருந்தா இப்படிப் பேசுவியா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம், எனக்கும் தெரியும். ஆனால் யாருக்காவது தங்கையாக இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு மரியாதை என்று அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அவர் உங்களோடு வேலை பார்ப்பவர், அது போதும்.

அப்புறம் நண்பரிடம் தனியாகப் பேசுங்கள். ஆறு வருட நட்பு பயன்படும் இடம் இது. “மச்சான், நீ அவங்க பின்னாடி போய் நிக்கிறதும் குரூப்ல படம் போடறதும் எனக்குப் பிடிக்கலை. நிறுத்திடு” என்று நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “சும்மா ஜாலிக்குத்தானே, அவங்களே சிரிச்சாங்களே” என்பார். வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன ஒருவர், சீனியர் ஜோக் அடிக்கும்போது வேறு என்ன செய்வார்? அந்தச் சிரிப்பு பெரும்பாலும் தப்பித்துப் போவதற்கான வழி. ‘ஜாலிக்கு’ என்ற வாதம் சட்டத்தின் முன்னாலும் அவ்வளவாக நிற்காது. உதாரணமாக, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது, அந்தச் செயல் அந்தப் பெண் விரும்பாத ஒன்றா என்பதை.

ஒரு எச்சரிக்கை. தொடுதல், மிரட்டல், ‘சொன்னபடி கேட்டால்தான் பதவி உயர்வு’ என்ற அளவுக்குப் போயிருந்தாலோ, அவர் அந்தப் பெண்ணின் நேரடி மேலாளராக இருந்தாலோ, முதலில் நண்பரிடம் போகாதீர்கள். அவர் உஷாராகிவிடுவார், கோபம் அந்தப் பெண்ணின் மேல்தான் திரும்பும். அந்தப் பெண் உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால், அதை அவர் அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதிகம் பேசினால் கெட்டுவிடும். “நேத்து நடந்ததைப் பார்த்தேன். அது சரியில்லை. நீங்க ஏதாவது செய்ய நினைச்சா, நான் பார்த்ததைச் சொல்லத் தயார்.” இவ்வளவுதான். “ஏன் அப்பவே சொல்லலை?” என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அமைத்த குழுவின் 2016 அறிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மேலாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ வாய் திறந்ததே இல்லை. நம்ப மாட்டார்கள், பழி வாங்குவார்கள் என்ற பயம். “வேண்டாம், விட்டுடுங்க” என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். முடிவு அவருடையது. ஆனால் அந்த வாட்ஸ்அப் குழு உங்களுடையதும்கூட. அங்கே நீங்கள் ‘வேண்டாம்’ என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அவர் புகார் கொடுக்க நினைத்தால், நீங்கள் பார்த்தவற்றைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று குறித்து வைத்திருந்தது பெரிய உதவியாக இருக்கும். உங்கள் கருத்தை அதில் கலக்காதீர்கள். நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஏதோ காரணத்தால் அவரால் புகார் தர முடியாவிட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு தரலாம். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். சாட்சி சொல்பவர்களைப் பழி வாங்குவதிலிருந்து காக்க வேண்டும் என்று பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி 2019இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை தெளிவாகவே சொல்கிறது.

துரோகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நண்பருக்கு வேலை போகும் அளவுக்கு விஷயம் முற்றுவதற்கு முன்னால், முகத்துக்கு நேரே ‘நிறுத்து’ என்று சொல்ல உங்களைத் தவிர அங்கே வேறு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. சொன்ன பிறகு அவர் சில வாரம் உங்களோடு பேசாமல் இருக்கலாம். நீங்கள் இல்லாத இன்னொரு குழுவும் தொடங்கலாம். அதற்கும் தயாராக இருந்துகொள்ளுங்கள்.