டோக்கியோவில் வயிற்றுப் பிள்ளையோடு 2011: எதைச் சாப்பிட்டேன், எதைக் கண்டு பயந்தேன்

கேள்வி: "என் தங்கை ஜப்பானில் இருக்கிறாள், இப்போது ஐந்து மாதம். புகுஷிமா பக்கத்துக் காய்கறி, பால், மீன் எல்லாம் சாப்பிடலாமா? அணு உலை வெடித்தபோது அங்கே இருந்த கர்ப்பிணிகள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கடையில் விற்பதைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு விலக்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. 2011 மார்ச் 11 அன்று நான் டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இருந்தேன். வயிற்றில் 14 வாரம்.

நிலநடுக்கம் மதியம் 2.46க்கு. அதை விடுங்கள், எல்லாரும் எழுதியாயிற்று. புகுஷிமா தாய்இச்சி அணு மின் நிலையம் எங்களிடமிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். 12, 14, 15 தேதிகளில் அடுத்தடுத்து வெடிப்புகள். நாகர்கோவிலிலிருந்து அம்மா ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வாள். "மக்களே, எதையும் பார்க்காண்டாம், கிளம்பி வா." கணவருக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை, எனக்குத் தனியாகப் போகத் துணிச்சல் இல்லை. இருந்துவிட்டோம்.

முதல் வாரம் வதந்திகள் ஆண்டன. உலையிலிருந்து வரும் கதிரியக்க அயோடின் தைராய்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு முன்பே நல்ல அயோடினால் அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்பது உண்மையான மருத்துவம்தான். அதற்கென்று மாத்திரை இருக்கிறது, எப்போது யார் போட வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. மக்கள் அதைப் பிடித்துக்கொண்டு, அயோடின் நிறைந்த 'கொம்பு' என்ற ஜப்பானியக் கடற்பாசியைக் கூடை கூடையாக வாங்கினார்கள். தொண்டை கொப்பளிக்கும் அயோடின் மருந்தைக் குடிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. குடிக்காதீர்கள் என்று சிபாவிலிருக்கும் கதிர்வீச்சு மருத்துவ ஆய்வு நிறுவனம் அறிவிப்பே வெளியிட வேண்டியிருந்தது. நானும் மூன்று நாள் மூன்று வேளையும் கொம்பு ரசம் மாதிரி ஒன்று வைத்துக் குடித்தேன். வாந்திதான் வந்தது.

நிஜமான பயம் மார்ச் 23 அன்று வந்தது. 21, 22 தேதிகளில் மழை. காற்றில் இருந்தது தரைக்கும் ஆற்றுக்கும் இறங்கியது. எங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரில் கானமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு உண்டு. அங்கே ஒரு கிலோ தண்ணீரில் 210 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131, அதாவது அந்தக் கதிரியக்க அயோடின், இருப்பதாக அறிவித்தார்கள். பெரியவர்களுக்கு வரம்பு 300, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 100. அந்த வயதுக் குழந்தை உள்ள வீடுகளுக்கு மாநகரம் குழந்தை ஒன்றுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் கொடுத்தது. சரி, வயிற்றுக்குள் இருக்கிற குழந்தை எந்தக் கணக்கில் வரும்? அந்த முதல் நாள் எனக்கு அது யாரும் சொல்லவில்லை. மறுநாள் அளவு 79க்கு இறங்கியது. ஆளுநர் இஷிஹாரா தொலைக்காட்சிக் கேமரா முன் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். 78 வயது ஆண் ஒருவர் தண்ணீர் குடிப்பதால் எனக்கு என்ன ஆறுதல் என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

ஆறுதல் தந்தது ஜப்பானிய மகப்பேறு மருத்துவர் சங்கம் வெளியிட்ட ஒரு கணக்கு. 200 பெக்கெரல் உள்ள தண்ணீரைக் கர்ப்பக் காலம் முழுக்க, 280 நாளும், தினம் ஒரு லிட்டர் குடித்தாலும் தாய்க்குச் சேருவது சுமார் 1.2 மில்லிசீவெர்ட் (உடம்புக்குச் சேரும் கதிர்வீச்சின் அளவு). கருவுக்குத் தீங்கு என்று பேசத் தொடங்கும் அளவே 50 மில்லிசீவெர்ட். உண்மையில் அந்த அளவு ஓரிரு நாளைக்கு மேல் நீடிக்கவில்லை. தாகமெடுத்தால் அடக்காதீர்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த வரியை எழுதியவர் ஒரு கர்ப்பிணியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். நான் அப்போது தண்ணீரை மூடி மூடியாக அளந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கீரை. இபராகி மாவட்டத்து ஹோரென்சோவில், அதாவது நம் பாலக் மாதிரியான கீரையில், வரம்பை மீறிய அயோடின். புகுஷிமா பாலிலும் அப்படியே. 21ஆம் தேதி நான்கு மாவட்டக் கீரைக்கும் புகுஷிமா பாலுக்கும் தடை. ஜப்பானில் காய்கறிப் பையில் எந்த மாவட்டத்தில் விளைந்தது என்று எழுதியிருக்கும், ஆனால் கான்ஜி எழுத்தில். எனக்கோ அதில் முப்பது எழுத்துகூடத் தெரியாது. காகிதத்தில் மாவட்டப் பெயர்களை வரைந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். ஒரு நாள் கையில் எடுத்த கீரைக் கட்டில் முதல் எழுத்து 'புகு' என்று இருந்தது. பாம்பைத் தொட்டவள் போலத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் என் காகிதத்தையும் போனில் நான் எடுத்திருந்த படத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது புகுவோகா. தெற்கே கியூஷு தீவில், டோக்கியோவிலிருந்தே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பெயருக்கும் முதல் எழுத்து ஒன்றேதான். அதற்குப் பொருள் நல்வாழ்வு, பாக்கியம் என்றெல்லாம் வரும்.

கீரை வாங்கிய நாட்களில் கழுவி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மேலே படிந்தது கழுவினாலும், வேகவைத்து வடித்தாலும் கணிசமாகக் குறையும். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் போச்சு என்று திட்டுவாங்கி வளர்ந்தவள் நான். சிங்க் பக்கம் பச்சைத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா பின்னால் நிற்பது போல இருக்கும்.

இதற்கிடையில் ஊரிலிருந்து ஒரு உறவுக்காரப் பெண்மணி, நல்லெண்ணத்தோடுதான், சொன்னார்: "இப்போதைக்குக் கலைத்துவிட்டால் என்ன? அடுத்ததைப் பார்த்துக்கலாம்." அந்தப் பேச்சு அவர் ஒருவர் வாயில் மட்டும் வரவில்லை என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்த பிறகு, கிரீஸ் நாட்டில், அங்கே சேர்ந்த கதிர்வீச்சு மிகச் சிறியது என்றாலும், பெற்றுக்கொள்ள விரும்பிய சுமார் 2,500 கர்ப்பங்கள் பயத்தால் கலைக்கப்பட்டன என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மருத்துவர்களே குழம்பித் தப்பான அறிவுரை சொன்னதும் அதற்கு ஒரு காரணம். கருவுக்கு 100 மில்லிகிரேக்கு (இங்கே மில்லிசீவெர்ட்டுக்கு ஏறக்குறையச் சமமான அளவு) கீழே கிடைத்த கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை. எனக்குச் சேர்ந்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்காகச் செர்னோபிலில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கே சோவியத் அரசு நாட்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. மேய்ச்சல் புல்லில் அயோடின் விழுந்தது, பசு தின்றது, பிள்ளைகள் பாலைக் குடித்தார்கள். சாப்பாட்டில் ஏற்கெனவே அயோடின் பற்றாக்குறை உள்ள பகுதி வேறு. பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய். பக்கத்துப் போலந்து மூன்றே நாளில் சுதாரித்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது. ஜப்பானில் மாடுகள் பெரும்பாலும் கொட்டகையில், சேமித்த தீவனத்தில் வளர்பவை. பாலும் பத்து நாளுக்குள் நிறுத்தப்பட்டது. கருவின் தைராய்டு மூன்றாம் மாத வாக்கில் அயோடினை இழுக்கத் தொடங்குகிறது என்பதால் எனக்கு முதல் சில வாரத்துப் பாலும் கீரையும்தான் முக்கியம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பரிசோதனைக்குப் போன இடத்தில் இருந்த ஒரு ஜோசன்ஷி, அதாவது பேறுகால மருத்துவச்சி. ஏப்ரல் நடுவில் போனேன். ஜப்பானில் கர்ப்பிணிக்குத் தாய்சேய் கையேடு ஒன்று தருவார்கள், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் ஏறும். போன தடவையைவிட எனக்கு மூன்று கிலோ குறைவு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சோறு, ஊர் ஊறுகாய், வெளிநாட்டு பிஸ்கட். அவர் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த வருகைக்கான சீட்டை எடுத்து ஒரு முறை மடித்தார். "எட்டு நாள், அயோடின் பாதி" என்றார். மறுபடி மடித்தார், மறுபடியும். மூன்றாவது மடிப்பில் சீட்டு எட்டில் ஒரு பங்கு. மார்ச் 22 அன்று விழுந்த அயோடின் இன்றைக்கு இவ்வளவுதான், அடுத்த மாதம் மடிக்கவே முடியாது என்றார். உலையிலிருந்து வந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் அப்படி மடியாது என்றும் மறைக்காமல் சொன்னார். ஒரு வகைக்குப் பாதியாக 2 வருஷம், இன்னொன்றுக்கு 30. ஆனால் அது உடம்பில் பொட்டாசியம் மாதிரி பரவி, சில மாதங்களில் வெளியேறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் சீக்கிரம். "இன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு ஆபத்து அந்த மூன்று கிலோதான்." அந்தச் சீட்டை இன்னும் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

பயம் அதோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஜூலையில் மாட்டிறைச்சி விவகாரம் வெடித்தது. மார்ச்சில் வயலில் கிடந்து மழையில் நனைந்த வைக்கோலை மாடுகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மாட்டின் தோலை அளந்து சரி என்று அனுப்பியிருக்கிறார்கள், இறைச்சியை அளக்கவில்லை. அது கடைக்கே போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டிறைச்சி சாதாரணம், நானும் அந்த மாதங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒரு தடவை சாப்பிட்ட இறைச்சியில் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று கணக்கு சொன்னது. ஆனால் "எல்லாம் பரிசோதித்தாயிற்று" என்று சொன்னவர்களை அடுத்த தடவை நம்புவது எப்படி?

நம்பிக்கை திரும்பியது அளக்க ஆரம்பித்த பிறகுதான். புகுஷிமா கூட்டுறவு அமைப்பு 100 குடும்பங்களிடம், ஒரு ஆள் சாப்பாட்டை இரண்டு நாளைக்குக் கூடுதலாகச் சமைத்துத் தரச் சொல்லி, அதை அரைத்து அளந்தது. வெளியூர் போனவருக்காக வீட்டில் எடுத்து வைக்கும் சாப்பாட்டுக்கு ஜப்பானியர்கள் சொல்லும் காகெஸென் என்ற பெயரையே அந்தச் சோதனைக்கும் வைத்திருக்கிறார்கள். 2011-12 சோதனையில் கிலோவுக்கு ஒரு பெக்கெரலோ அதற்கு மேலோ சீசியம் தெரிந்தது 10 வீட்டில்தான். எல்லாச் சாப்பாட்டிலும், உணவில் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 அதைவிடக் கூடுதலாக இருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து பொது உணவுக்கு வரம்பு 500இலிருந்து 100க்கு இறங்கியது. பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. அதே வருஷம் முதல் புகுஷிமா அரிசியை மூட்டை மூட்டையாக, ஒன்று விடாமல் அளந்தார்கள். 2015 அறுவடை முதல் ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. புகுஷிமாவில் விபத்து நடந்த 2011-ல் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறை விகிதம் வழக்கமான அளவிலேயே இருந்தது என்று மாவட்டம் நடத்திய ஆய்வு காட்டியது. என் மகள் அதே வருஷம் செப்டம்பரில் பிறந்தாள், 3.1 கிலோ.

கணவர் அக்கிஹபாராவில் வாங்கிய சின்னக் கதிர்வீச்சு மானியை அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் மேல் வைத்ததும் டோக்கியோ பால்கனியைவிடப் பல மடங்கு காட்டியது. மோனசைட் மணல், அதில் இயற்கையாகவே கதிர்வீச்சு தரும் தோரியம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அந்த ஆறு போனு?" என்றாள்.

சரி, உங்கள் தங்கைக்கு. காட்டுக் காளான், வசந்தத்தில் மலையில் பறிக்கும் சன்சாய் கீரை, காட்டுப்பன்றி இறைச்சி, இவற்றை யாராவது அன்பாக வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளட்டும், சாப்பிட வேண்டாம். வயலில் களிமண் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், போதாததற்கு, பயிர் சீசியத்தை இழுக்காமலிருக்கப் பொட்டாசிய உரமும் போட்டார்கள். காட்டில் அது சருகிலும் காளானிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 2012-ல் புஜி மலையடிவாரத்துக் காளானுக்கே தடை வந்தது. கடையில் விற்கும் காளானுக்கு இது பொருந்தாது.

கதிர்வீச்சைவிட அவள் பார்க்க வேண்டியது பெரிய மீன்களில் இருக்கும் பாதரசம். புளூஃபின் சூரை, மெகாஜிகி என்கிற வாள்மீன் போன்றவற்றை வாரத்துக்கு ஒரு முறை, 80 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது ஜப்பான் சுகாதார அமைச்சகம். பச்சை இறைச்சி வேண்டாம். கொம்புக் கடற்பாசியை என்னைப் போல மூன்று வேளையும் குடிக்க வேண்டாம், கூடுதல் அயோடினும் பிள்ளையின் தைராய்டுக்கு நல்லதல்ல. புகுஷிமா பீச் பழம் ஜூலை, ஆகஸ்டில் வரும். எழுத்து அடையாளம் தெரியாவிட்டால் என் பழைய காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், இந்தத் தடவை தேடி வாங்குவதற்கு.