காசநோய்க்கு மாத்திரை மட்டும் போதுமா, சாப்பாட்டுக்கும் பங்கு உண்டா?

உங்கள் அண்ணனுக்குக் காசநோய் மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது, "நல்லா சாப்பிடணும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சும்மா வாய்வார்த்தையா, ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே நடந்தது. காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த அந்த ஆய்வுக்கு 'ரேஷன்ஸ்' என்று பெயர். மங்களூரு ஏனப்போயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள். நோயாளிகள் 2,800 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று 10 கிலோ பை வீடு தேடிப் போனது. வித்தியாசம் குடும்பத்தாருக்குத்தான். ஒரு பிரிவு வீடுகளில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் வழக்கமான சாப்பாடுதான்.

2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. உணவு கிடைத்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரலில் வந்து அடுத்தவருக்குப் பரவும் வகையை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். தடுப்பூசியும் இல்லை, புது மருந்தும் இல்லை, அரிசியும் பருப்பும்தான். படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

நோயாளிகள் பக்கம் பார்த்தால், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. சோறுதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு தேறுகிறவருக்கு எடையும் தானாக ஏறும். ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை எடை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சாப்பாட்டுப் பேச்சு இத்தனை காலம் ஏன் பின்னுக்குப் போனது என்பதற்கும் சென்னையில் ஒரு காரணம் உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனையில், நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தவர்களைப் போலவே, குடிசையில் எளிய சாப்பாட்டோடு மருந்து எடுத்தவர்களும் குணமானார்கள். வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய பெரிய சாதனை அது. கூடவே, மருந்து போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்ற எண்ணமும் ஊறிவிட்டது. அந்த ஆய்வு தவறில்லை. கிருமியை ஒழிப்பது மருந்துதான். மெலிந்த உடம்பு அதுவரை தாக்குப்பிடிக்குமா, வீட்டில் அடுத்தவருக்கு வருமா என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

களத்தில் இதை நேராகவே பார்க்கலாம். பீடி சுற்றும் ஒரு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று வீட்டுக்குப் போனேன். "வெறும் வயித்துல போட்டா பொரட்டிக்கிட்டு வருது தம்பி, காலைல டீ மட்டும்தான்" என்றார். நிலைப்படிக்குப் பக்கத்தில் முறம், அதில் பாதி சுற்றிய பீடி, ஜன்னலில் பிரிக்காத மாத்திரை அட்டை. அவருக்கு அறிவுரை தேவைப்படவில்லை, காலையில் நாலு இட்லி தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினார்கள். நோய் தெரிந்த உடனேயே எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானவர்களை வார்டில் சேர்க்கிறார்கள். புது ஆட்கள் யாரையும் போடாமலே நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் எடை சிகிச்சை அட்டையில் இருக்கும், பாருங்கள். 40 கிலோ என்றால் இரண்டாம் மாதம் முடிவதற்குள் 2 கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் சளிப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை எண்ணிக்கையே எடையைப் பொறுத்ததுதான், 35 முதல் 49 கிலோ வரை 3, ஐம்பதைத் தொட்டால் 4. அதனால் எடை நன்றாக ஏறினாலும் சொல்ல வேண்டும். டப்பா பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, பருப்பு, வேர்க்கடலை, சுண்டல், மீன் போதும். சர்க்கரை நோயும் இருந்தால் என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். அரசின் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்றால் மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். வீட்டில் மற்றவர்களும் பரிசோதனை செய்துகொண்டு, தடுப்பு மாத்திரை தந்தால் வாங்கிப் போடுங்கள். அண்ணனுக்கு மட்டும் முட்டையை எடுத்துவைத்துவிட்டு நீங்களும் அம்மாவும் ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த ஜார்கண்ட் வீடுகளில் புது நோயைக் குறைத்தது கூட இருந்தவர்கள் சாப்பிட்ட சாப்பாடு.