கவுண்டி அரசு வழக்கறிஞர் வேலையில் மகள் நிலைக்க முடியுமா?

கேள்வி: சியாட்டிலில் சட்டம் படித்து முடிக்கப்போகும் என் மகள், தனியார் சட்ட நிறுவனங்கள் வேண்டாம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் சேருவேன் என்கிறாள். அது நிரந்தர வேலையா? கடைசி வரை அதிலேயே இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். ஆனால் நம் ஊர் அரசுப் பணியின் பாதுகாப்பை அங்கே எதிர்பார்க்காதீர்கள். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணை வழக்கறிஞர்களை நியமிப்பவர் அவர்தான். நீக்கும் அதிகாரமும் அவருடையதே. இருந்தாலும் அந்த அலுவலகத்திலேயே வளர்ந்தவர்கள் உண்டு. சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியில் டான் சாட்டர்பர்க் 1985இல் பணியில் சேர்ந்தார். 2007இல் தலைமைப் பதவிக்கு வந்தார். 2023 தொடக்கம் வரை அதில் இருந்தார்.

அவருக்கு முன் அங்கே தலைமை வகித்தவர் நார்ம் மேலெங். 1979 முதல் 2007இல் இறக்கும் வரை அவரே பதவியில் இருந்தார். இந்த வேலையின் பாரம் எது என்பதற்கு அவருடைய ஒரு முடிவைச் சொல்கிறேன். கேரி ரிட்ஜ்வே என்ற தொடர் கொலைகாரன் 2001இல் பிடிபட்டபோது, மரண தண்டனையை வைத்துப் பேரம் பேசமாட்டேன் என்று மேலெங் அறிவித்தார். ஆனால் சில கொலைகளுக்குத்தான் ஆதாரம் இருந்தது. மற்றவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், உடல்களைத் தேட உதவுகிறேன், உயிரை மட்டும் விடுங்கள் என்று அவன் தரப்பு கேட்டது. மேலெங் இணங்கினார். 2003இல் அவன் 48 கொலைகளை ஒப்புக்கொண்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றான். அந்த முடிவைக் கண்டித்தவர்கள் ஏராளம். காணாமற்போன பெண்களின் குடும்பங்களுக்கு உண்மை கிடைத்ததே, அது சரியான முடிவு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். நம் ஊரில் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வது காவல்துறை. அங்கே எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, எதைக் கைவிடுவது என்பதெல்லாம் இந்த அலுவலகத்தின் கையில்.

அந்த அதிகாரம் வெற்றிக் கணக்காக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு டெக்சாஸின் டாலஸ் கவுண்டி சாட்சி. ஹென்றி வேட் 1951 முதல் 1987 வரை, 36 ஆண்டுகள் அங்கே தலைமை வழக்கறிஞர். எளிதில் தோற்காதவர் என்று பெயரெடுத்தவர். அவர் காலத்தில், செய்யாத கொலைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட ராண்டல் டேல் ஆடம்ஸ், அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைந்து, 1989இல்தான் விடுதலையானார். பிறகு டிஎன்ஏ சோதனைகளில் இன்னும் பலர் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்தது. 2007இல் பதவியேற்ற கிரெய்க் வாட்கின்ஸ், பழைய தீர்ப்புகளை மறுஆய்வு செய்யத் தனிப் பிரிவே தொடங்க வேண்டியிருந்தது.

ஆகவே நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் உங்கள் மகள் கேட்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை எதிர்த்தரப்பிடம் எப்போது, எப்படி ஒப்படைக்கிறீர்கள்? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1963ஆம் ஆண்டு பிரேடி தீர்ப்புப்படி அது கட்டாயம். பழைய வழக்குகளை மறுபடி பார்க்கும் பிரிவு இருக்கிறதா? ஆதாரம் போதாது என்று ஓர் இளையவர் வழக்கைக் கைவிடச் சொன்னால் அதை யார் கேட்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு கவுண்டியைப் பார்க்கலாம்.

வருமானம் பெரிய தனியார் நிறுவனங்களைவிடக் குறைவு. படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசின் கடன் வாங்கியிருந்தால் ஒரு வழி உண்டு: பொதுப்பணியில் முழுநேரம் இருந்துகொண்டு, கடனைத் திருப்பிச் செலுத்தும் தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணைகளைச் செலுத்தினால் மீதிக் கடன் தள்ளுபடியாகும். எந்தத் திட்டம் தகுதியானது என்பதை முதல் தவணைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.