மீட்டிங்குக்கு வரலீன்னா அக்கறை இல்லீனு ஆயிருமா?

(அங்கன்வாடியில 30 வருசம் இருந்துட்டு இப்ப கோபி பக்கம் ஓய்வா இருக்கற அக்கா, வாசகர் கேள்விக்கு பதில் சொல்றாங்க)

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைங்க. அவரு ஓவர்லாக் டைலர், நான் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வர ராத்திரி எட்டரைக்கு மேல ஆயிருது. பையனுக்கு மூன்ற வயசு, ப்ளே ஸ்கூல் போறான். பேரண்ட்ஸ் மீட்டிங் எப்பவும் புதன்கெழம பதினோரு மணிக்குத்தான் வெக்கறாங்க, ரெண்டு தடவ போக முடியலீங்க. பையன கூப்பிடப் போன எங்க மாமியார்கிட்ட மிஸ்ஸு, "உங்க வீட்ல யாருக்கும் அக்கறையே இல்ல"ன்னு சொல்லி உட்ருக்காங்க. வெசனமா இருக்குதுங்க.

பதில்: வெசனப்படாத கண்ணு. அக்கறைய அட்டெண்டன்ஸ் நோட்டுல அளந்தா தப்பாத்தான் வரும். பதினோரு மணிக்கு எந்திரிச்சு வந்தா அரை நாள் கூலி போச்சு, ஷிப்மெண்ட் நேரம்னா சூப்பர்வைசர் உடவும் மாட்டாரு, திருப்பூர்ல ஸ்கூல் நடத்தறவங்களுக்கு இது தெரியாதா என்ன? மிஸ்கிட்ட கோவப்படாம கேளு, ஞாயித்துக்கெழம காலைல ஒருக்கா வெக்க முடியுமா, இல்லீன்னா டீ டைம்ல ஒரு அஞ்சு நிமிசம் போன்ல பேசலாமான்னு.

அவங்க சொல்றத நீ கேட்டுக்கறது மட்டும் மீட்டிங் இல்ல, உனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது பாரு, அதுதான் முக்கியம். எங்க சென்டர்ல ஒரு பொண்ணு மத்தியானம் பாய விரிச்சாலே அழுவும். மூனு வாரம் பாட்டுப் பாடி, பொம்ம குடுத்து என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், ஒன்னும் ஆகல. ஒருநா அவங்கப்பா லோடு எறக்கிட்டு அழுக்குச் சட்டையோட வந்து நின்னவரு, "ஊட்ல பாய் விரிச்சா அவங்கம்மா தூங்க வெச்சுட்டு மில்லுக்கு நைட் ஷிப்ட் கெளம்பிருவாங்க, அதுக்குத்தானுங்க"ன்னாரு. நான் வாங்கின ட்ரெய்னிங் எதுலயும் இது இல்ல. அடுத்த நாள்ல இருந்து பாய் போட்டதும் நான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன், அவ்வளவுதான். அதனால உன் பையன் ராத்திரி என்ன பேசறான், எதுக்குப் பயப்படறான்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு உடு, மிஸ்ஸுக்கு அது போதும்.

அமெரிக்காவுல ஹெட் ஸ்டார்ட்னு 1965ல ஏழைப் புள்ளைகளுக்கு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அங்க வாத்தியாரே வருசத்துல ரெண்டு தடவையாவது வீட்டுக்கு வரணும், முடிவெடுக்கற கமிட்டியில பாதிக்கு மேல பெத்தவங்கதான். நம்ம 2009 கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூனு பங்கு பெத்தவங்கன்னுதான் சொல்லுது, ஆனா அது ஒன்னாவதுல இருந்து. மூனு வயசுப் புள்ளையோட அம்மாவுக்கு வாட்ஸ்அப் குரூப்ல ஃபீஸ் மெசேஜ்தான்.

இன்னொன்னு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல புள்ளைங்க காப்பகம் இருக்கணும், அம்மா நாளைக்கு நாலு தடவ போய்ப் பாக்கலாம்னு 2017லயே சட்டத்துல சேத்தாச்சு. பையனுக்குக் கீழ கைக்கொழந்த ஏதாவது இருந்தா உங்க கம்பெனில கேட்டுப் பாரு.

கேள்வி: அந்தியூர் பக்கம் அங்கன்வாடி டீச்சருங்க நான். "எழுதவே வெக்க மாட்டீங்கறீங்க, சும்மா ஆட உட்டு அனுப்பறீங்க"ன்னு அம்மாமாருங்க சண்டைக்கு வர்றாங்க. மாசா மாசம் முன்பருவக் கல்வி (ஸ்கூலுக்கு முந்தின படிப்பு) நாள்னு பெத்தவங்களக் கூப்பிட்டு வெச்சா நாலு பேருதான் வர்றாங்க.

பதில்: அந்த நாலு பேருக்கும் நீங்க லெக்சர் குடுத்திருப்பீங்க, சரிதானுங்களா? நானும் அதேதான் பண்ணேன். 1975ல திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து அங்கன்வாடின்னா சத்துமாவு, முட்டைன்னுதான் ஊரு நெனைக்குது, ஆறு சேவையில முன்பருவக் கல்வியும் ஒன்னுன்னு நோட்டீஸ் ஒட்டுனா யாரு படிக்கறா? வேலை குடுத்துக் கூப்பிடுங்க. சந்தகை நல்லாப் புழியற அம்மா ஒருத்தர வரச் சொல்லுங்க, புள்ளைங்க மாவ உருட்டட்டும், புழிய ஒரு கை குடுக்கட்டும். பென்சில் புடிக்கற பலம் விரலுக்கு இப்படித்தான் வருதுன்னு அப்பச் சொன்னா அவங்க கண்ணுக்கே தெரியும். ஆட்டுக்குட்டி வளக்கற அப்பாவ ஒரு குட்டியோட வரச் சொல்லுங்க, அன்னிக்குப் பாருங்க கூட்டத்த. எழுத்து வேணும்னு கேக்கறதையும் மட்டம் தட்டாதீங்க, தனக்குக் கெடைக்காத படிப்பு புள்ளைக்கும் கெடைக்காமப் போயிருமோன்னு பயந்துதான் கேக்கறாங்க. கூட்டத்த சந்தை நாள்லயும் கூலி நாள்லயும் வெச்சராதீங்க.

கேள்வி: படிக்காதவ நானு. நாலு வயசுப் பேத்திய நாந்தான் பாத்துக்கறேன். கதை சொல்லட்டுமா, போன்ல ரைம்ஸ் போட்டு உடட்டுமா?

பதில்: கதைங்க அம்மிச்சி, கதை. பாதியில நிறுத்தி "அப்பறம் என்ன ஆச்சு சாமி?"ன்னு அவளையே கேளுங்க. பேய்க்கதை மட்டும் வேண்டாம், அப்பறம் ராத்திரி ஒன்னுக்குப் போறதுக்கும் நீங்கதான் கூடப் போகணும்.