வளையம் ஏன் சுருங்க மாட்டேன் என்கிறது?

கேள்வி: என் பாட்டி நாகர்கோவில் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்காக வேலூர் வந்தவர். அவர் வைத்திருந்த ஒரு தலையணை உறையின் ஓரத்தில் கையால் செய்த லேஸ் இருக்கிறது. அதேபோல் செய்ய ஆசைப்பட்டு, ஷட்டில் (நூல் சுற்றி வைக்கும் கையடக்கமான சிறு ஓடம்) வாங்கி, வீடியோ பார்த்து டாட்டிங் கற்று வருகிறேன், அதாவது அந்த ஓடத்தால் முடிச்சு முடிச்சாகப் போட்டு, வளையமாகச் சுருக்கி லேஸ் செய்வது. முடிச்சு போடும்வரை சரியாக வருகிறது. வளையத்தை இழுத்தால் சுருங்குவதில்லை, நூல்தான் அறுகிறது. குடியாத்தத்தில் மாமா வீட்டுத் தறி நூலைப் பயன்படுத்துகிறேன். தப்பு நூலிலா, கையிலா? பாட்டியின் லேஸுக்கு வேறு சாமான்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தப்பு இரண்டிலும் இருக்கிறது. முதலில் கையைப் பார்ப்போம், ஏனென்றால் எவ்வளவு நல்ல நூல் வாங்கினாலும் இந்தக் கோளாறு கூடவே வரும்.

டாட்டிங்கில் இடது கை விரல்களைச் சுற்றியிருக்கும் நூல்தான் முடிச்சாக வேண்டும். ஷட்டில் நூல் அந்த முடிச்சுகளுக்குள்ளே நேராக ஓட வேண்டும். அப்படி ஓடினால்தான் கடைசியில் இழுக்கும்போது வளையம் சுருங்கும். ஆனால் ஷட்டிலை நுழைத்து எடுத்த உடனே நிலைமை தலைகீழாக இருக்கும்: ஷட்டில் நூல்தான் இடது கை நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இடது கை விரல்களைத் தளர்த்திவிட்டு, ஷட்டில் நூலை விறைப்பாக இழுங்கள். சுருள் 'டக்'கென்று மறுபக்கம் தாவும். அப்புறம்தான் இடது கை நடுவிரலைத் தூக்கி முடிச்சை அதன் இடத்துக்குத் தள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இடது கையை விறைப்பாகவே வைத்திருப்பார்கள், சுருள் தாவாது. ஒரு முழு முடிச்சுக்கு இரண்டு பாதி உண்டு; இருபது முடிச்சில் ஒரே ஒரு பாதி தாவாமல் நின்றாலும் வளையம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு நிற நூலை வைத்துப் பழகினால் இது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஷட்டிலில் சிவப்பு, இடது கையில் உருண்டையிலிருந்து வரும் வெள்ளை. இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துகொண்டு, வளையமாக இல்லாமல் நேர் வரிசையாக முடிச்சுப் போடுங்கள். எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தால் சரி. நடுவில் சிவப்பு சுற்றிக்கொண்டு நின்றால் அந்த முடிச்சு தாவவில்லை. ஊசி முனையால் நெம்பி அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒவ்வொரு முடிச்சு முடிந்ததும் சிவப்பு நூலை லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இது கைக்கு வரும்வரை பீக்கோ பக்கமே போகாதீர்கள் (சேலை ஓரத்துக்கு அடிக்கிற பீக்கோ இல்லை, முடிச்சுகளுக்கு நடுவில் விடுகிற குட்டிக் கண்ணி).

இனி நூல். தறி நூல் பெரும்பாலும் ஒற்றை இழை. கஞ்சி போட்டுத் தறியில் ஏற்றினால் தாங்கும். டாட்டிங்கில் ஒவ்வொரு முடிச்சும் அதன்மேல் உரசிக்கொண்டு போவதால், பஞ்சு பிரிந்து, நைந்து, அறுந்துவிடும். பல இழை சேர்த்து இறுக முறுக்கிய, மெர்சரைஸ் செய்த (உறுதியும் பளபளப்பும் வரப் பதப்படுத்திய) குரோஷா காட்டன் நூல் வாங்குங்கள். லாங் பஜார் பக்கம் தையல் சாமான் விற்கிற கடைகளில் விசாரித்துப் பாருங்கள். ஆரம்பத்துக்கு 20-ம் நம்பர். எண் ஏற ஏற நூல் மெலியும். 60, 80 எல்லாம் அப்புறம். தறி நூலுக்கு உங்கள் மாமா சொல்கிற 40-ம் நம்பரும் குரோஷா நூலில் போட்டிருக்கிற 40-ம் ஒன்றில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்கு உள்ளங்கை வியர்த்து வெள்ளை நூல் அழுக்காகிவிடும். அந்த மாதங்களில் காலையிலேயே உட்காருங்கள், அல்லது சந்தன நிற நூலில் பழகுங்கள்.

பாட்டியின் லேஸ் டாட்டிங்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். பூதக்கண்ணாடியில் குட்டி வளையங்களும் அவற்றின்மேல் நெருக்கமான முடிச்சுகளும் தெரிந்தால் டாட்டிங். சங்கிலி சங்கிலியாகக் கண்ணிகள் கோத்துக்கொண்டு போனால் குரோஷா. முடிச்சே இல்லாமல், துணி நெய்தது போலச் சில இடமும் வலை போலச் சில இடமும் இருந்தால் அது பாபின் லேஸ்: திண்டின் மேல் மாதிரித் தாளை வைத்து, ஊசி குத்தி, பாபின் என்னும் குச்சிகளில் சுற்றிய நூல்களைப் பின்னிச் செய்வது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அங்குள்ள பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். ஆகவே பாட்டியின் ஊரைப் பார்த்தால் என் ஊகம் பாபின் லேஸ் பக்கம்தான் சாய்கிறது.

அப்படியே இருந்தாலும் வெளிநாட்டுப் பார்சல் எதற்கு? கெட்டித் துணிப் பையில் வைக்கோலை இடித்து இடித்து அடைத்தால் திண்டு தயார். குத்திய ஊசி ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாபினுக்கு ஒரே நீளத்தில் 16 பென்சில், அதாவது 8 ஜோடி. கிராஃப் தாளில் மூலைவிட்டமாகப் புள்ளி குத்தினால் டார்ஷன் (எளிய கட்ட வடிவ பாபின் லேஸ்) மாதிரிக்கான அச்சு கிடைத்துவிடும். குண்டூசி மட்டும் துருப்பிடிக்காததாக வாங்குங்கள், இரும்பு என்றால் நூலில் கறை ஏறும். கை அசைவு இரண்டே இரண்டு: நான்கு பாபினில் நடுவில் இருக்கும் இரண்டில் இடதை வலதுக்கு மேலாக மாற்றுவது ஒன்று, ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதுக்கு மேலாகத் திருப்புவது மற்றொன்று. மாற்று, திருப்பு, மாற்று என்று செய்தால் துணி போன்ற நெசவு வரும். மாற்று, திருப்பு என்று நிறுத்தினால் வலை. உங்கள் தலையணை உறையில் இருப்பது இந்த இரண்டும்தானா என்று பாருங்கள்.

உறையை பிளீச்சில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, பிழியாமல் துண்டில் வைத்து ஒற்றி எடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் நூல் விட்டுப்போகும், சுருட்டி வையுங்கள்.