யாரிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறோம்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். இணைய ஆளுகை, அதாவது இணையத்தை யார், எப்படி வழிநடத்துவது என்பது குறித்த பன்னாட்டுக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ள இளைஞர் உதவித்தொகைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அங்கே வட சென்னையின் பிரதிநிதி என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாமா? எங்கள் பகுதி மக்களுக்கு இதைப் பற்றியெல்லாம் எதுவும் தெரியாது. அவர்களுக்காக நான் பேச விரும்புகிறேன். அரசுகளும் பெருநிறுவனங்களும் முடிவெடுக்கும் இடத்தில் நீ பேசி என்ன ஆகப்போகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் ஆங்கிலமும் அவ்வளவு சரளமில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தேர்வானதற்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான், எண்ணூர்ப் பக்கம் இன்னொரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிட்டு, ஊரிடம் கருத்துக் கேட்கும் முறையையும் உலகத்திடம் கருத்துக் கேட்கும் முறையையும் ஒப்பிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதில் சற்று நீளும்.

ஆங்கிலம் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள்; அந்த அறைகளில் இருக்கும் பலருக்கு அது தாய்மொழி அன்று. நண்பர்களின் சலிப்பு உங்களுடையது அல்ல என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் "எங்கள் பகுதி மக்களுக்கு எதுவும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிவதற்குள் மீனின் படத்தையும் விலையையும் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடும் பெண்ணுக்கும், சர்வர் வேலை செய்யாத நாளில் ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் வெறும் பையோடு திரும்பும் முதியவருக்கும், இணையம் தங்கள் வாழ்க்கையை என்ன செய்கிறது என்பது நன்றாகவே தெரியும். அவர்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு அந்த வரியை எழுதினீர்களா? கேட்காமலேயே பிறர் பெயரால் பேசப் புறப்படுகிறவரை நான் பிரதிநிதி என்று ஏற்க மாட்டேன். நீங்கள் வயதில் சிறியவர் என்பதற்காக இந்தக் கண்டிப்பைக் குறைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழில் திட்டத்துக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஷாமியானாப் பந்தலின் முன்வரிசையில் நிறுவனத்தார். பின்னால், கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். அவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, "முன்னாடி சேத்துல கைய வுட்டா இறா வரும், இப்ப சாம்பல்தான் வருது, எங்கேருந்து எங்க வரைக்கும்னு நானே வந்து காட்டறேன்" என்றார். கூட்டம் முடியும்போது வாசிக்கப்பட்ட குறிப்பில் அது "மீன்வளம் குறித்து அச்சம் தெரிவிக்கப்பட்டது" என்று சுருங்கியிருந்தது. அவர் மறுபடி எழுந்தார். தான் அச்சம் தெரிவிக்கவில்லை, சாம்பல் கிடக்கும் இடத்தைக் காட்டுவதாகத்தான் சொன்னேன், அதை அப்படியே எழுதும்வரை உட்கார மாட்டேன் என்றார். எழுதினார்கள். திட்டம் நிற்கவில்லை. ஆனாலும் அவர் தட்டிக்கேட்டதற்குச் சட்டத்தில் பிடிமானம் இருந்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், நிகழ்வைக் காணொளியில் பதிய வேண்டும், முடிவில் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்கி வாசிக்க வேண்டும், மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்கு விண்ணப்பதாரர் அளிக்கும் பதிலையும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி இணைக்க வேண்டும் என்கிறது. அதற்கு மாற்றாக 2020-இல் ஒரு வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நீங்கள் போகும் உலகத்தில் இந்தப் பிடிமானம் மிக மெலிது. 2005-இல் துனிசில் நடந்த ஐ.நா. உச்சி மாநாடு, அரசுகளும் தனியார் துறையும் குடிமைச் சமூகமும் தத்தம் பொறுப்பில் சேர்ந்து இணையத்தை வழிநடத்த வேண்டும் என்றது. அதிலிருந்து பிறந்த இணைய ஆளுகை மன்றம் 2008-இல் நம் ஹைதராபாத்திலேயே கூடியது. யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம் என்பது உண்மை. பேசியது பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் எனக்கு வழக்கு. டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர்களின் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN), 2019-இல் டாட் ஆர்க் (.org) என முடியும் முகவரிகளின் விலை உச்சவரம்பை நீக்குவது பற்றிக் கருத்துக் கேட்டது. 3,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. அவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணங்களோடு விரிவாக எழுதப்பட்டவையும் இருந்தன. உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் டாட் ஆர்க் முகவரிகளை நிர்வகிக்கும் பதிவகத்தையே 113.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்கும் திட்டம் வெளிவந்து, உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் அதற்கு இசைவு மறுத்தது.

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. எல்லா இணையச் சேவைகளையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றி, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது, ஃபேஸ்புக் திரட்டி அனுப்பிய வார்ப்புக் கடிதங்கள் தான் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகாது என்று டிராய் சொன்னது சரியே. 2016 பிப்ரவரி 8 அன்று விதிமுறை வெளிவந்தபோது, ஏன் இந்த முடிவு என்ற விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது. அந்த விளக்கத்தைத்தான் நான் எல்லா இடங்களிலும் கேட்கிறேன்.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டில் ஐகேன், உலகின் ஐந்து பகுதிகளிலிருந்து ஐந்து இயக்குநர்களை இணையப் பயனர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வைத்தது. பிறகு அந்த முறையைக் கைவிட்டது. இன்று பயனர்களுக்காக 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறது; வாக்குரிமையுள்ள 16 இயக்குநர் இடங்களில் ஒன்று பயனர் தரப்புக்கு. அந்த 15 பேரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் செய்தது தவறென்றால் கேள்வி கேட்கத் தண்டையார்பேட்டைக்காரருக்கு என்ன வழி இருக்கிறது?

ஆகவே வட சென்னையின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறேன், இன்னின்னாரிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்டதை அவர்கள் சொன்னபடியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அமர்வின் அறிக்கையில் உங்கள் பேச்சு எப்படிப் பதிவாகிறது என்று பார்த்து, சுருக்கியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உதவித்தொகை கொடுத்தவர்கள் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்பார்கள். அதற்கு முன் தமிழில் ஒன்று எழுதி, யாரிடமெல்லாம் கேட்டீர்களோ அவர்களைக் கூட்டி, பதில் கிடைக்காத கேள்விகளையும் சேர்த்து வாசித்துக்காட்டுங்கள். கூட்டம் நடத்த இடம் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த படிப்பகம் ஒன்று இருக்கிறது, பேசி ஏற்பாடு செய்கிறேன்.