சில சொகுசு கார்களின் மறுவிற்பனை மதிப்பு மட்டும் ஏன் வேகமாகச் சரிகிறது?

முதன்மையான காரணம், உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரக்கூடிய பழுதுச் செலவு குறித்த அச்சமே. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற பெரிய செடான்களில் காரின் விலை பாதியாகக் குறைந்த பிறகும் ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தால் காரைத் தாங்கி அதிர்வைக் குறைக்கும் அமைப்பு) போன்ற உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை என்பதால், இரண்டாவதாக வாங்குபவர் அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, விலையைக் குறைத்தே கேட்கிறார். 1989இல் டொயோட்டா அறிமுகப்படுத்திய லெக்சஸ், நம்பகத்தன்மைக்குப் பெயர் பெற்றிருப்பதாலும் பல பாகங்களை டொயோட்டா கார்களுடன் பகிர்ந்துகொள்வதாலும் அந்த அச்சத்தை வெகுவாகக் குறைக்கிறது. சந்தைக்கு வரும் எண்ணிக்கையும் முக்கியம்: குத்தகைக்கு அதிகம் விடப்படும் மாடல்கள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மொத்தமாகப் பழைய கார் சந்தைக்குத் திரும்பி வந்து, விலையை இறக்குகின்றன. புதிய கார்களுக்குப் பெரும் தள்ளுபடி தரும் நிறுவனமோ, என் பார்வையில், தன் பழைய கார்களின் மதிப்பைத் தானே வீழ்த்துகிறது.